வீட்டுக்கடன் கவுன்சலர் ட்ரெயினிங்: நாலு ஸ்டார் குடுக்குறேன், அஞ்சாவது ஏன் குடுக்கலன்னும் சொல்றேன்

மொதல்லயே சொல்லிடறேன், நம்ம சிங்கப்பூர்ல வீட்டுக்கடன் கட்ட முடியாம மாட்டிக்கிட்டவங்களுக்கான கோர்ஸ் இல்ல இது. அவங்க நம்ம மேசைக்கு முன்னாடி வந்து உக்காந்தா நம்ம என்ன செய்யணும், முக்கியமா என்ன செய்யக்கூடாதுன்னு சொல்லித்தர்ற கோர்ஸ். சமூக மன்றம்ங்கற சிசி, கோயில், சங்கம், எம்பி தொகுதி மக்களப் பாத்து கொற கேக்குற மீட் த பீப்பிள் செஷன்னு எங்கயாச்சும் வாலன்டியரா உக்காந்து லெட்டர் எழுதிக்குடுக்குறவங்க, ஃபார்ம் நிரப்பிக்குடுக்குறவங்க, சோஷியல் வொர்க் படிக்கிற பசங்க, இவங்களையெல்லாம் கூப்பிட்டு, வீட்ட பேங்க் எடுக்கப்போற நெலமையில இருக்குறவர எப்ப, யார்கிட்ட, என்ன பேப்பரோட அனுப்பணும்னு வீக்கென்ட் முழுக்க உக்கார வெச்சு நடத்துறாங்க. ஃபீஸ் கெடையாது. நடத்துறவங்க பேர இங்க போடல, விளம்பரம் பண்ணி ஆள் சேர்க்குற கோர்ஸ் இல்ல அது, வாலன்டியர் குழு வழியாதான் சீட் வரும், அதோட நான் கொற சொல்லப்போற எடமும் கொஞ்சம் இருக்கு.

நான் ஏன் போனேன்னா, எங்க பேட்டையில நான் உக்கார்ற டெஸ்க்குக்கு முன்னாடியெல்லாம் பள்ளிக்கூடம் மாத்தணும், டவுன் கவுன்சில் பாக்கி, ஒர்க் பெர்மிட் அப்பீல் இந்த மாதிரி கேஸ்தான் வரும். 2022 கடைசிலேர்ந்து லோன் லெட்டர தூக்கிட்டு வர்றவங்க அதிகமாயிட்டாங்க. காரணம் பெரிய ரகசியம் ஒண்ணும் இல்ல. 2020, 2021ல பேங்க் வட்டி தரைமட்டத்துல கெடந்தப்ப, அரசாங்க வீடமைப்புக் கழகமான எச்டிபி குடுக்குற லோனுக்கு 2.6 சதவீதம் எதுக்குடா கட்டணும்னு நெறைய பேரு பேங்குக்கு மாத்துனாங்க, தேக்கா பக்கம் கோப்பிக்கடையில உக்காந்தா அப்ப இதான் பேச்சு. அப்புறம் 2022 கடைசில பேங்க் ஃபிக்ஸட் ரேட்டே நாலு சதவீதத்த தாண்டிருச்சு. ஒருதடவ எச்டிபி லோன்லேர்ந்து பேங்குக்குப் போயிட்டா திரும்பி எச்டிபி லோனுக்கு வர முடியாது, இது அப்ப எத்தன பேருக்கு ஒறச்சுச்சுன்னு தெரியல. இதுல வேலையும் போச்சுன்னா கணக்கு சுத்தமா ஒதைக்கும்.

சரி கோர்ஸுக்கு வர்றேன்.

மொத நாள் காலைல ஒரு வக்கீலம்மா எடுத்த பகுதி இருக்கே, அதுக்காக மட்டுமே போகலாம். மைக் வேணாம்னு சொல்லிட்டு நேரா ஒரு கத்த லெட்டர எங்க மேசையில கொட்டுனாங்க. பேரு, நம்பரெல்லாம் கருப்பு மையில அடிச்ச நெஜ லெட்டர். பேங்க் அனுப்புற ரிமைண்டர், கலெக்ஷன் டிபார்ட்மென்ட் லெட்டர், பேங்கோட வக்கீல் அனுப்புற டிமாண்ட் லெட்டர், முழுக் கடனையும் திருப்பிக் கேக்குற நோட்டீஸ், வீட்ட காலி பண்ணச் சொல்ற நோட்டீஸ், கோர்ட் பேப்பர். எல்லாத்தையும் கலச்சுப் போட்டு, எது மொதல்ல வரும், எது கடைசில வரும், அடுக்குங்கன்னாங்க. எங்க மேசையில பாதிப் பேரு கோர்ட் பேப்பர நடுவுல வெச்சாங்க, அதுக்கப்புறம்தான் வீட்ட விப்பாங்கன்னு நெனச்சு.

அங்கதான் விஷயமே. சிங்கப்பூர்ல வீட்ட அடமானம் வெச்சவர் கட்டத் தவறிட்டா, பேங்க் அந்த வீட்ட விக்கிறதுக்கு மொதல்ல கோர்ட்டுக்குப் போயி அனுமதி வாங்கணும்னு கட்டாயம் இல்ல. விக்கிற அதிகாரம் சட்டத்துலயும் அடமானப் பத்திரத்துலயும் ஏற்கனவே இருக்கு, நோட்டீஸ் குடுத்து அந்தக் கெடு முடிஞ்சா விக்கலாம். கோர்ட்டுக்குப் போறது பெரும்பாலும் வீட்டுல இருக்குறவங்க காலி பண்ணி சாவிய குடுக்காதப்ப, பொசஷன் கேட்டு. ஆனா நம்ம ஆளுங்க மனசுல ஒரு நம்பிக்க இருக்கு, "கோர்ட்லேர்ந்து சம்மன் வரட்டும் பாத்துக்கலாம், ஜட்ஜ்கிட்ட கஷ்டத்த சொல்லலாம்"னு. அந்த சம்மன் வர்றப்ப பேச வேண்டிய நேரம் எல்லாம் ஓடிப் போயிருக்கும். வக்கீலம்மா இத சொன்னப்ப பின்னாடி வரிசைல ரெண்டு பேரு போன கீழ வெச்சுட்டு நிமுந்து உக்காந்தாங்க.

அடுத்து அவங்க போட்ட கணக்கு. எச்டிபி வீட்ட நீங்களே மார்க்கெட்ல விக்கணும்னா, வாங்குறவருக்கு ஆப்ஷன், அதாவது வாங்குற உரிமைக்கான பத்திரம் குடுத்தா அதுக்கு 21 நாள், அப்புறம் எச்டிபி அந்த அப்ளிகேஷன ஏத்துக்கிட்டதுலேர்ந்து முடிய சுமாரா எட்டு வாரம். இதுல வாங்குறவர தேடுற நேரம் சேரல. அப்ப எப்படி பாத்தாலும் மூணு நாலு மாசம் ஆகும். பேங்க் வக்கீல்கிட்ட "நானே வித்து அடைக்கிறேன், டைம் குடுங்க"ன்னு கேக்குறதா இருந்தா, அது மொத டிமாண்ட் லெட்டர் வந்த வாரத்துல கேக்க வேண்டியது. ஏஜென்ட் போட்டாச்சு, வீட்ட லிஸ்ட் பண்ணியாச்சு, இதோ ஆதாரம்னு காட்டிக் கேட்டா கேக்குறதுக்கு ஒரு பலம் இருக்கும். பேங்க் ஒத்துக்கணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல, ஆனா பேங்குக்கும் ஏலம் விடறதுல அவ்ளோ ஆச கெடையாது. வீட்டுல ஆள் இருக்கான் வீட்ட பாக்க முடியாதுன்னா ஏலத்துல வெல எறங்கும், செலவு, வக்கீல் ஃபீஸ் எல்லாம் வீட்டுக்காரர் தலையிலதான் விழும். வித்தும் கடன் அடையலன்னா மிச்சத்துக்கு அவர்தான் பொறுப்பு. மிஞ்சுனா, மத்த பாத்தியத எல்லாம் போக, அவருக்கு வரும்.

பேங்க் அடிமாட்டு வெலைக்கு வித்துட்டா என்ன பண்றதுன்னு ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. விக்கிற பேங்க் நியாயமான வெல கெடைக்க தகுந்த கவனம் எடுக்கணும், அது கடம. ஆனா மார்க்கெட் ஏறுற வரைக்கும் காத்திருக்கணும்னு கடம இல்ல. இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்க நிக்குதுன்னு பாக்குறது வக்கீல் வேல, உங்க வேல இல்ல, நீங்க வால்யூவேஷன் ரிப்போர்ட், விளம்பரம் வந்த தேதி, வித்த வெல இத மட்டும் ஃபைல்ல சேருங்கன்னு முடிச்சிட்டாங்க.

இன்னொன்னு, "எச்டிபி வீட்ட யாராலயும் தொட முடியாது"ன்னு ஒரு பேச்சு ஊரெல்லாம் இருக்கு. நானே டெஸ்க்ல எத்தனையோ வாயில கேட்டுருக்கேன். அது பாதி உண்ம, அதான் ஆபத்து. ஒருத்தர் திவாலானா, ஓனர்ல ஒருத்தராச்சும் சிங்கப்பூர் குடிமகனா இருந்தா அந்த எச்டிபி வீடு, திவாலானவர் சொத்த நிர்வகிக்கிற அரசாங்க அதிகாரியான அஃபிஷியல் அசைனி கைக்குப் போகாது. கிரெடிட் கார்டு பாக்கி, பர்சனல் லோன் பாக்கிக்காக கடன் குடுத்தவங்க அந்த வீட்டுல கை வைக்க முடியாது, சிபிஎஃப்ங்கற சேமநிதிக் காசுலயும் முடியாது. ஆனா அதே வீட்ட அடமானம் புடிச்சிருக்குற பேங்குக்கு இது பொருந்தாது, அவங்க விக்கலாம். எச்டிபிகிட்டயே லோன் இருந்தா அவங்களுக்கும் சட்டப்படி வீட்ட திருப்பி எடுத்துக்குற அதிகாரம் இருக்கு, ஆனா அதுக்கு முன்னாடி தவண மாத்துறது, லோன் வருஷத்த நீட்டுறது, சம்பாதிக்கிற புள்ளைய ஓனரா சேக்குறது, சின்ன வீட்டுக்கு மாறுறதுன்னு பேசிப் பாக்குற வழி இருக்கு. தனியார் அடுக்குமாடி கோண்டோவா இருந்தா திவால்ல அந்தப் பாதுகாப்பும் இல்ல. இத மட்டும் சரியா சொல்லித்தந்ததுக்கே ஒரு ஸ்டார் தரலாம்.

இந்த எடத்துல ஒரு சின்னக் கொற, எச்டிபி லோன் கேஸையும் பேங்க் லோன் கேஸையும் ஒரே ஸ்லைடுல போட்டு வேகமா தள்ளிட்டாங்க. ரெண்டும் வேற வேற ரோடு. எங்க டெஸ்க்குக்கு வர்ற மூவறை, நாலறை வீட்டுக்காரங்கள்ல பாதிப் பேருக்கு தன்னோடது எந்த லோன்னே தெரியாது, "எச்டிபிக்குத்தான் கட்டுறேன்"னு சொல்வாங்க, ஸ்டேட்மென்ட்ட பாத்தா பேங்க் பேரு இருக்கும். மொத கேள்வியே அதுதான் இருக்கணும், அத தனியா அழுத்தி சொல்லியிருக்கணும்.

ரெண்டாவது பகுதி, நம்ம எல்லை எங்கன்னு. இது போரடிக்கும்னு நெனச்சேன், இதுதான் கோர்ஸோட முதுகெலும்புன்னு இப்ப தோணுது. கவுன்சலர் சட்ட ஆலோசன குடுக்கக்கூடாது, வக்கீல் லைசென்ஸ் இல்லாதவங்க வக்கீல் வேல பாத்தா சட்டப்படி குத்தம். அப்ப நம்ம என்னதான் பண்றது? ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்து யாரு இப்பவே உள்ள போகணும், யாரு காத்திருக்கலாம்னு பிரிச்சு விடற நர்ஸ் வேலதான் நம்மளுதுன்னு ட்ரெயினர் சொன்னாரு, வைத்தியம் பாக்க ஆரம்பிச்சா நோயாளி கெட்டுப் போவான்னு.

எங்க அனுப்பறதுங்கறதுல அவரு ரொம்பக் கறாரு. தப்பான கதவுக்கு அனுப்புனா ஒரு மாசம் போயிடும், அந்த ஒரு மாசம் இவங்ககிட்ட இல்லன்னாரு. 1958லேர்ந்து இருக்குற லீகல் எய்டு பீரோ, சட்ட அமைச்சு கீழ வருது, குடிமக்களுக்கும் நெரந்தரவாசியான பிஆருக்கும்தான், வருமானத்தையும் பாப்பாங்க, கேஸுல சாரம் இருக்கான்னும் பாப்பாங்க. அதுல வர்ற வருமான வரம்பு நம்பர மனப்பாடம் பண்ணாதீங்க, மாறிக்கிட்டே இருக்கும், ஒவ்வொரு தடவையும் அவங்க வெப்சைட்ட தொறந்து பாத்து சொல்லுங்கன்னாரு, நல்ல புத்தி. அங்க தகுதி வராதவங்களுக்கு ப்ரோ போனோ எஸ்ஜி, முன்னாடி லா சொசைட்டி ப்ரோ போனோ சர்வீசஸ்னு இருந்தது 2022ல பேரு மாத்துச்சே அதேதான், அவங்க கிளினிக்ல வாலன்டியர் வக்கீல் சுமாரா 20 நிமிஷம் ஃப்ரீயா பேசுவாரு. ஹௌகாங்ல ஒரு சீனக் கோயிலுக்குள்ளயே அவங்க சட்ட மையம் வெச்சிருக்காங்கன்னு சொன்னப்ப, நம்ம கோயில்கள்லயும் இந்த மாதிரி ஒண்ணு வந்தா எவ்ளோ நல்லாருக்கும்னு எங்க மேசையில ஒரு பெரிய விவாதமே ஓடுச்சு, அன்னதானத்துக்கு வர்ற கூட்டத்துல எத்தன பேரு பையில இந்த லெட்டர் இருக்கும்.

கிரெடிட் கார்டு, பர்சனல் லோன் இந்த மாதிரி அடமானம் இல்லாத கடன் கழுத்த நெரிச்சு அதனால வீட்டுத் தவண நிக்குதுன்னா, கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர். அவங்க பேங்க்குங்களோட பேசிப் போடற திட்டம் அந்தக் கடனுக்குத்தான், வீட்டுக்கடனுக்கு இல்ல, இத தெளிவா சொல்லி அனுப்பலன்னா அவரு அங்க போயி "வீட்ட காப்பாத்துங்க"ன்னு நிப்பாரு. திவால் மனு வர்ற நெலமன்னா கடன் திருப்பிச் செலுத்துற டிஆர்எஸ் திட்டம் ஒண்ணு இருக்கு, அடமானமில்லாத கடன் 150,000 வெள்ளி தாண்டாதவங்களுக்கு. வீட்டுல அரிசி பருப்புக்கே கஷ்டம்னா வக்கீலுக்கு முன்னாடி சோஷியல் சர்வீஸ் ஆபிஸ், குடும்ப சேவை மையம், நம்மாளுங்களுக்கு பீட்டி ரோட்டுல இருக்குற இந்தியர் உதவி அமைப்பு சிண்டா. இது எல்லாத்தையும் ஒரு படமா போட்டு ஒரு தாள் குடுத்தாங்க பாருங்க, எழுத்து கண்ணுக்கே தெரியல, கண்ணாடி போட்டும் தெரியல, போன்ல ஃபோட்டோ எடுத்து ஜூம் பண்ணித்தான் படிச்சேன். டெஸ்க்ல வெச்சு வர்றவங்ககிட்ட காட்ட முடியாத தாள எதுக்குக் குடுக்கணும்.

ஆனா அந்த 20 நிமிஷத்துக்கு எப்படி தயார் பண்றதுன்னு சொன்னாங்க பாருங்க, அது பொக்கிஷம். வக்கீல் முன்னாடி போயி உக்காந்து "எங்கப்பா 1985ல..."ன்னு ஆரம்பிச்சா நேரம் அதுலயே போயிடும். அதனால ஒரே பக்கத்துல எழுதிக் குடுக்கணும். வீடு யாரு பேருல, எந்த பேங்க், எவ்ளோ பாக்கி, கடைசியா கட்டுன தேதி, எந்த லெட்டர் எந்த தேதில வந்துச்சு, அதுல எந்த தேதிக்குள்ள பதில் கேட்டுருக்கு, வீட்டுல யாரு யாரு இருக்காங்க, இவருக்கு என்ன வேணும்: வீட்ட வெச்சுக்கணுமா இல்ல கௌரவமா வித்துட்டு வெளிய வரணுமா. பேங்க் பேர ஏன் மேலயே எழுதணும்னா, அன்னிக்கு அங்க உக்காந்திருக்குற வாலன்டியர் வக்கீலோட கம்பெனியே அதே பேங்குக்கு வேல பாக்குறதா இருக்கலாம், அப்ப அவரால பேச முடியாது. அத முன்னாடியே சொல்லிட்டா வேற வக்கீல போடுவாங்க, சொல்லலன்னா அங்க போயி உக்காந்தப்புறம் திரும்பி வரணும். இத்தன வருஷம் டெஸ்க்ல உக்காந்திருக்கேன், இந்த விஷயத்த ஒருத்தரும் எனக்கு சொன்னதில்ல.

அதே மாதிரி ஜாயின்ட் ஓனர் விஷயம். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரு பேருல வீடு, ரெண்டு பேரும் பேசிக்கிறதில்லன்னா, ஒரே வக்கீல் ரெண்டு பேருக்கும் பேச முடியாம போகலாம். யாரு நம்ம மேசைக்கு வந்துருக்காங்களோ அவங்களுக்கு மட்டும்தான் நம்ம அனுப்புற ரெஃபரல், இன்னொருத்தருக்கு தனியா.

மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் அமெரிக்கா. இங்கதான் ஒரு ஸ்டார வெட்டுனேன். மேட்டர் சுவாரசியம்தான், இல்லன்னு சொல்லல. 2007, 2008ல அங்க வீட்டுக்கடன் சரிஞ்சப்ப லட்சக்கணக்குல வீடு போச்சு, அப்ப அவங்க நாடாளுமன்றமே காசு ஒதுக்கி, நெய்பர்ஒர்க்ஸ் அமெரிக்காங்கற அமைப்பு வழியா நாடு முழுக்க ஹவுசிங் கவுன்சலர்களுக்கு பணமும் ட்ரெயினிங்கும் குடுத்தாங்க, வக்கீல் உதவிக்கும் சேத்து. அங்க கவுன்சலர்னா சும்மா வாலன்டியர் இல்ல, மத்திய வீடமைப்புத் துறை அங்கீகாரம் குடுத்த ஏஜென்சில இருக்கணும், அந்தத் துற திட்டங்கள்ல கவுன்சலிங் குடுக்கணும்னா 2021 ஆகஸ்ட்லேர்ந்து பரீட்ச எழுதி பாஸ் பண்ணியிருக்கணும். பிலடெல்ஃபியாவுல 2008ல கோர்ட்டே ஒரு ஏற்பாடு பண்ணுச்சு, ஆள் குடியிருக்குற வீட்ட ஏலம் விடறதுக்கு முன்னாடி பேங்க் வக்கீலும் வீட்டுக்காரரும் ஹவுசிங் கவுன்சலரும் ஒரே எடத்துல உக்காந்து பேசியாகணும்னு. 2010ல பேங்க் ஆளுங்க படிச்சே பாக்காம ஆயிரக்கணக்குல சத்தியக் கடுதாசில கையெழுத்து போட்ட விஷயம் நாறுனப்புறம், 2012ல அஞ்சு பெரிய வீட்டுக்கடன் கம்பெனிங்க 49 மாநிலத்தோட 2500 கோடி டாலருக்கு உடன்பாடு பண்ணுச்சு. ட்ரெயினர் சொல்ல வந்தது என்னன்னா, பேப்பர ஒழுங்கா படிக்கத் தெரிஞ்ச கவுன்சலர் இருந்தாத்தான் தப்பான பேப்பர் வக்கீல் கண்ணுக்குப் போகும்னு. கரெக்ட்டு, ஒத்துக்குறேன்.

ஆனா இதுக்கு ஒரு மதியம் முழுக்க எதுக்கு? அங்க பல மாநிலத்துல கோர்ட்டு வழியாத்தான் வீட்ட எடுக்கணும், சில மாநிலத்துல வேணாம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஸ்லைடு. அங்க இப்ப பொதுவா 120 நாள் தவண தவறுனாத்தான் மொத நடவடிக்கையே எடுக்கலாம்னு ஒரு விதி இருக்கு. இத கேட்டுட்டு டீ ப்ரேக்ல ஒரு தம்பி என்கிட்ட வந்து "அண்ணே, அப்ப நம்ம ஆளுங்களுக்கு நாலு மாசம் டைம் இருக்குல்ல"ன்னு கேக்குறான். அடேய், அது அமெரிக்கா சட்டம்டா. இங்க அந்த விதி கெடையாது, இங்க உன் பத்திரமும் நோட்டீஸும் என்ன சொல்லுதோ அதான் கெடு. அவன் மட்டும் இல்ல, இன்னும் ரெண்டு மூணு பேரு அதே நெனப்போட வீட்டுக்குப் போயிருப்பாங்க. ட்ரெயினிங் குடுத்து தப்பான நம்பர மண்டையில ஏத்தி அனுப்புறது ட்ரெயினிங்கே குடுக்காததவிட மோசம். அந்த நேரத்துல 2020 கோவிட் அப்ப நம்ம நாட்டுலயே நாணய வாரியமும் பேங்க்குங்களும் சேந்து அந்த வருஷக் கடைசி வரைக்கும் தவணைய தள்ளிப்போட விட்டாங்களே, அது எப்படி நடந்துச்சு, தள்ளிப்போட்டவங்களுக்கு வட்டி எப்படி சேந்துச்சுன்னு எடுத்திருக்கலாம். அது நம்ம கதை.

ரெண்டாம் நாள் ரோல்-ப்ளே. ஒருத்தர் கவுன்சலர், ஒருத்தர் வீட்டுக்காரர், கையில ஒரு ஸ்க்ரிப்ட். வீட்டுக்காரரா நடிக்கிறவரு கேட்ட கேள்விக்கெல்லாம் டக்கு டக்குனு பதில் சொல்றாரு, சம்பளம் இவ்ளோ, பாக்கி இவ்ளோ, லெட்டர் இதோன்னு. எல்லாம் இங்கிலீஷ்ல. இப்படி ஒரு ஆள நான் டெஸ்க்ல பாத்ததே இல்லீங்க. நம்ம வீடுகள்ல லெட்டர் பிரிக்காமயே ஃப்ரிட்ஜ் மேல கெடக்கும். வந்து உக்காந்து முக்கா மணி நேரம் பேசி எந்திரிக்கிறப்பதான் "அப்புறம் இதுவும் ஒண்ணு வந்துச்சு"ன்னு பைலேர்ந்து எடுப்பாங்க.

எங்க குழுவுல ரிட்டயரான ஒரு டீச்சரக்கா இருந்தாங்க, பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, "தம்பி, அந்தத் தாள கீழ வைய்யி, நான் வீட்டுக்காரம்மாவா நடிக்கிறேன், நீ தமிழ்லயே கேளு"ன்னு நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. அந்தப் பையன் "உங்க மாசத் தவண எவ்ளோ ஆன்ட்டி?"ன்னு கேட்டான்.

"அதெல்லாம் அவரு பாத்துக்குவாரு."

"சார் வரலையா?"

"அவருக்குத் தெரியாதுப்பா நான் வந்தது. நீ யார்கிட்டயும் சொல்லிடாத. பொண்ணுக்கு அடுத்த மாசம் நிச்சயம் வெச்சிருக்கோம்."

பையன் முழிக்கிறான். ஸ்க்ரிப்ட்ல இது இல்லியே. கொஞ்ச நேரம் கழிச்சு, "ஆன்ட்டி, லெட்டர் எதாச்சும் வந்துச்சா?"ன்னான்.

"நெறைய வரும். அவரு பிரிக்காதன்னு சொல்லிட்டாரு."

ஹால்ல ஒரே சிரிப்பு, ஆனா எல்லாருக்கும் தெரியும் அது நடிப்பு இல்லன்னு. அப்புறம் டீச்சரக்காவே சொன்னாங்க, இவங்ககிட்ட காசு எவ்ளோன்னு மொதல்ல கேக்காத, வீட்டுப் பத்திரத்துல உங்க பேரும் இருக்காம்மான்னு கேளு, இருந்தா அந்த லெட்டர் உங்களுக்கும் வந்ததுதான், நீங்க பிரிக்கலாம், பிரிச்சு நாளைக்கே எடுத்துட்டு வாங்க, நான் இங்கயே இருப்பேன்னு சொல்லு. நிச்சயத்தப் பத்தி ஒரு வார்த்த நல்லதா சொல்லு, அப்பத்தான் மறுநாள் வருவாங்க. ட்ரெயினர் அத நோட்டுல எழுதிக்கிட்டாரு, அது அவருக்கு அழகு.

இதே பகுதில தவண கட்ட எங்க கடன் வாங்கியிருக்காங்கன்னு கேக்குறது பத்தி கொஞ்சம்தான் வந்துச்சு, இன்னும் வேணும். லைசென்ஸ் உள்ள மணிலெண்டரே மாசத்துக்கு நாலு சதவீதம் வரைக்கும் வட்டி வாங்கலாம், 2015லேர்ந்து அதான் உச்சவரம்பு. வருஷத்துக்கு 2.6ஓ நாலோ வர்ற வீட்டுக்கடன அடைக்க மாசத்துக்கு நாலுல வாங்குனா எங்க போயி முடியும். லைசென்ஸ் இல்லாத வட்டிக்காரன் ஆ லோங்கிட்ட வாங்கியிருந்தா அத தனியா, யாரும் பக்கத்துல இல்லாதப்ப கேக்கணும், போலீஸ் வழி என்னன்னு சொல்லணும். சிபிஎஃப்போட ஹோம் ப்ரொடெக்ஷன் இன்சூரன்ஸ் இருக்கே, அது தவண கட்டும்னு நெனச்சு வர்றவங்களும் உண்டு, அது சாவு, தீராத நோய், நெரந்தர ஊனம் இதுக்குத்தான், வேல போனதுக்கு இல்ல. இத ஒரு வரில சொல்லிட்டுப் போயிட்டாங்க.

சிபிஎஃப் திருப்பிக் கட்டுற கணக்கு மட்டும் நல்லா போர்டுல போட்டுக் காட்டுனாங்க. வீட்டுக்கு எடுத்த சிபிஎஃப் பணம், அதுக்கு வருஷம் 2.5 சதவீதம் சேந்த வட்டி, வித்தா இது ரெண்டும் சிபிஎஃப் கணக்குக்கே திரும்பணும். இருபது வருஷம் கட்டுனவருக்கு கையில ரொக்கமா ஒண்ணும் வராம போகலாம், ஆனா சந்த வெலைக்கு வித்திருந்தா பத்தாதத கைலேர்ந்து போட வேண்டியதில்ல. விக்கவே பயப்படற பல பேருக்கு இந்தக் கடைசி வரி தெரியாது, நான் அடுத்த வாரமே டெஸ்க்ல ஒரு அண்ணனுக்கு சொன்னேன், சிபிஎஃப் போர்டுல போயி அவரோட கணக்க எடுத்துக்கிட்டு அப்புறம் வக்கீல பாருங்கன்னு. நிம்மதியா எந்திரிச்சுப் போனாரு.

மத்தது சட்டுன்னு சொல்லிடறேன். எம்ஆர்டிலேர்ந்து நடக்குற தூரம்தான், ஏர்கான் மார்கழி குளிர், ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போங்க. சைவச் சாப்பாடு நல்லாருந்துச்சு, ரெண்டாம் நாள் பிரியாணி வேற, ஃப்ரீ கோர்ஸுக்கு இது அதிகம்தான். முடிஞ்சப்புறம் சந்தேகம் கேக்க வாட்ஸாப் குரூப் போட்டாங்க, பதில் வர ரெண்டு மூணு நாள் ஆகுது. அவசர கேஸுக்கு அது உதவாது, யாராச்சும் ஒரு வக்கீல் வாரத்துல ஒரு சாயங்காலம் வாலன்டியர்களோட போன எடுக்குறேன்னு சொன்னா போதும்.

யாரு போகலாம்னா, மாசத்துல ஒரு தடவையாச்சும் நெஜமா டெஸ்க்ல உக்கார்றவங்க கண்டிப்பா போங்க. சர்டிஃபிகேட்டுக்காக போறவங்க சீட்ட அடைக்காதீங்க, எடம் கொஞ்சம்தான். நீங்களே தவண தவறி கையில லெட்டர வெச்சுக்கிட்டு இத படிக்கிறீங்கன்னா இந்தக் கோர்ஸ் உங்களுக்கு இல்ல, லெட்டர பிரிங்க, அதுல இருக்குற தேதிய பாருங்க, எச்டிபியோ பேங்கோ யாரு லோனோ அவங்களுக்கு இன்னிக்கே போன் போட்டு பேசுனத குறிச்சு வெச்சுக்குங்க, வக்கீல் லெட்டர்னா அதுக்கும் சேத்து லீகல் கிளினிக்ல அப்பாயின்ட்மென்ட் போடுங்க.

ஃபீட்பேக் ஃபார்ம்ல நான் எழுதிக் குடுத்தது: அமெரிக்காவ அரை மணி நேரத்துக்குள்ள முடிங்க, எச்டிபி லோன் பேங்க் லோன் ரெண்டையும் தனித்தனியா நடத்துங்க, அந்தத் தாள பெரிய எழுத்துல தமிழ், மலாய், சீனத்துல அடிங்க, ரோல்-ப்ளேவ டீச்சரக்காகிட்ட விட்டுருங்க. அவங்க நம்பர அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் குடுத்தேன்.